கையெழுத்து வாங்கிக்கொள்ளலாமாம்!

இந்திய விண்வெளித் துறைக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் மதுரையில் ஒரு கல்லூரிக் கருத்தரங்குக்கு மகளோடு போயிருந்தேன். விண்வெளியின் எடையற்ற நிலையில் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல் கரைகிறது, செவ்வாய்க்குப் போய்த் திரும்ப மூன்று ஆண்டுகள் ஆகும், கதிர்வீச்சு வேறு. ஆகவே மனித உடலையே திருத்திவிடலாம், கதிர்வீச்சைத் தாங்கும் நீர்க்கரடி என்ற நுண்ணுயிரியின் மரபணுவை நமக்குள் வைக்கலாம் என்று பேசினார் ஒருவர். 2016-இல் ஜப்பானியர்கள் அதன் புரதம் ஒன்றை மனிதச் செல்களில் உண்டாக்கி, எக்ஸ் கதிர்ச் சேதத்தைக் குறைத்துக் காட்டியது உண்மைதான். செல் வேறு, ஆள் வேறு.

"போகிறவர் வேண்டாம் என்றால்?" என்று மகள் எழுந்து கேட்டாள். "கையெழுத்து வாங்கிக்கொண்டுதானே செய்வார்கள்" என்று அவர் சிரித்தார். அரங்கமும் சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் அம்மா இடுப்பெலும்பு முறிந்து ஒரு மருத்துவமனையில் கிடந்தார். எலும்புக்கு ஒரு புது ஊசியைச் சோதிக்கிறோம் என்று படிவம் கொண்டுவந்தார்கள். பதினான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். அம்மா தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். படுத்தபடியே அவருடைய இடது கட்டைவிரலைப் பிடித்து ஊதா மையில் தோய்த்துப் பக்கத்துக்குப் பக்கம் அழுத்தினார்கள். ஏழாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சாயங்காலம் டாக்டர் வந்து சொல்வார் என்றார்கள். வரவில்லை. அம்மா விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "எதற்குடா இத்தனை கைநாட்டு? வீட்டையா எழுதி வாங்குகிறார்கள்?" என்றார்.

ஓர் ஊசிக்கே சம்மதம் இந்த லட்சணத்தில் இருக்கிறது. இந்தியர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வரும் விமானப்படை அதிகாரிகள். உத்தரவுக்குப் பழகியவரிடம் மேலதிகாரி "சம்மதமா?" என்றால், அது கேள்வியா? கருவிலேயே மரபணுவைத் திருத்தினால் பேரன் பேத்தி வரைக்கும் போகும். 2018-இல் சீனாவில் ஹே ஜியான்குய் என்ற விஞ்ஞானி அப்படிச் செய்ததாக அறிவித்துப் பிறகு சிறைக்குப் போனார். அந்தக் குழந்தைகளிடம் யார் கைநாட்டு வாங்கியது?

ஆகவே கேட்கிறேன்: உடலைத் திருத்த மறுப்பவரின் பதவியும் பயண வாய்ப்பும் பறிபோகாது என்று இப்போதே விதி எழுதுங்கள். வழிவழியாகத் தொடரும் திருத்தத்துக்கு மருத்துவத்தில் இருக்கும் தடையை விண்பயணத்துக்கும் சேர்த்து எழுதுங்கள்.

அதற்கெல்லாம் காலம் கிடக்கிறது என்பீர்கள். 2040-க்குள் நிலவில் இந்தியரை இறக்கத் தேதி குறித்தாயிற்று. விதிக்கும் ஒரு தேதி குறிக்கலாமே. தேதிகளைப் பற்றி மதுரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019-இல் தோப்பூரில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதன் முதல் மாணவர்கள் 2022-இல் ராமநாதபுரத்தில் படிக்கத் தொடங்கினார்கள். செவ்வாய்க்குப் புறப்படுகிறவர்கள் எங்கே இறங்குவார்களோ! மன்னிக்கவும், அது வேறு கதை.

மறுக்கும் உரிமையை எழுத்தில் தாருங்கள், தமிழிலும் தாருங்கள். வரைவு தயாரானதும் தயவுசெய்து ஒரு பிரதி அனுப்புங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

பணிவுடன்,
மேலூர்க்காரன் ஒருவன்