அவள் எதை மறந்தாள்?

இளையோருக்கான மாயக் கதைகளைத் தேர்ந்து பதிப்பிக்கும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். நீங்கள் வெளியிட்ட ஒரு காதல் நாவலை இரண்டு முறை படித்துவிட்டு எழுதுகிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. முதல் நாவல் எழுதியவரைச் சந்தியில் நிறுத்துவது என் நோக்கமில்லை. தவிர, என் குறையில் பெரும்பங்கு உங்களுக்குத்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாயகிக்கு 17 வயது. அவள் தொட்டால் நோய் தீரும். ஆனால் ஒவ்வொரு முறையும் அவளுடைய நினைவு ஒன்று அழிந்துபோகும். எது போகும் என்பது அவள் கையில் இல்லை. இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு குழந்தையின் காய்ச்சலை இறக்கிவிட்டு வீடு திரும்புகிறாள். அம்மா ஏதோ தாலாட்டை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். “நல்லா இருக்கே, புதுசா?” என்று கேட்கிறாள் மகள். அம்மா பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவ்வளவுதான். விளக்கவுரை ஒரு வரிகூட இல்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அங்கேதான்.

காதலும் இந்த விதியிலிருந்தே முளைக்கிறது. காட்டைக் காக்கும் 300 வயது இளைஞன் ஒருவன் வருகிறான். அவள் மறந்தவற்றை அவன்தான் அவளுக்குத் திரும்பச் சொல்கிறான். தன் வாழ்க்கையையே இன்னொருவர் வாயால் கேட்க வேண்டிய நிலை. அவன் சொல்வது நிஜமா என்று சரிபார்க்கவும் வழியில்லை. முத்தமே இல்லாமல் நூறு பக்கம் படபடப்போடு நகர்கிறது. இந்தச் சரக்கு சாமான்யமானதல்ல.

அப்புறம்தான் வண்டி தடம் மாறுகிறது. ஒரு கட்டத்தில் அவன் அவளிடம் பொய் சொல்கிறான், அதுவும் அவளுடைய அப்பாவைப் பற்றி. “உன் நல்லதுக்குத்தான்” என்கிறான். இரண்டே பக்கத்தில் மன்னிப்பு கிடைத்துவிடுகிறது. இருவருக்கும் உள்ள வயது இடைவெளி பற்றி மற்றவர்கள் நிறையப் பேசியாயிற்று, நான் அதற்குள் போகவில்லை. என்னை உறுத்தியது இந்த இரண்டு பக்கம்தான். ஒருத்தியின் கடந்த காலத்தையே கையில் வைத்திருப்பவன் பொய் சொன்னால் அது சின்ன ஊடல் இல்லை. நாவலின் நடுத்தூணே அதுவாக இருந்திருக்கலாம்.

அது பொய் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள், சிறுவயதிலிருந்து கூட வளர்ந்த தோழி. முதல் ஐந்து அத்தியாயங்களில் அவள் வாய்த்துடுக்கால் கதையே கலகலக்கிறது. இளைஞன் வந்ததும் காணாமல் போகிறாள். சண்டையில்லை, பயணமில்லை, சும்மா காணோம். சங்க அகப்பாடல்களில் தோழி எவ்வளவு பெரிய ஆள் என்று நமக்குத் தெரியும். தலைவனை வாசலிலேயே மடக்குவாள், “எப்போது மணந்துகொள்ளப் போகிறாய்?” என்று நெருக்குவாள், பிரிந்து போனால் திட்டுவாள். காதலைக் கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்ததால்தான் அங்கே காதலுக்கு எடை கூடியது. இங்கே கேள்வி கேட்க வேண்டியவளைக் கதையே வெளியே அனுப்பிவிட்டது.

உச்சக்கட்டத்தில் இளைஞன் சாகக் கிடக்கிறான். அவள் கையை வைக்கிறாள், பிழைத்துக்கொள்கிறான். விலை? ஒன்றுமில்லை. காதல் எல்லா விதிகளையும் வென்றது என்று ஒரு வரி வருகிறது, முடிந்தது. 15 வயதான என் அக்கா மகள் படித்து முடித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்: “அப்ப அவ எதை மறந்தா?” நானும் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். எதையும் மறக்கவில்லை.

‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் 1939இல் ஆற்றி, பிறகு கட்டுரையாக விரித்த உரையில், கதைசொல்லி படைக்கும் இரண்டாம் உலகத்துக்குள் இருக்கும்வரை அதன் விதிப்படி எல்லாம் உண்மை, அவநம்பிக்கை எழுந்த நொடியே மாயம் உடைந்துவிடும் என்கிறார். இங்கே அதை உடைத்தது வாசகரின் சந்தேகப் புத்தி இல்லை. அக்கா மகள் அப்படிக் கேட்கும்படி கதையே நடந்துகொண்டது.

அவன் கண் விழித்ததும் அவள் “நீ யார்?” என்று கேட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. அது யாருக்கும் முதலில் தோன்றும் முடிவு. அவன் முகம், பெயர், குரல் எல்லாம் நினைவிருக்க, எதற்காக அவனை விரும்பினாள் என்பது மட்டும் அழிந்திருந்தால்? அந்தப் பெண்ணோடு இன்னும் முந்நூறு பக்கம் நடக்க நான் தயார்.

வாங்குவோரில் பாதிக்கு மேல் பெரியவர்கள்தானே, அவர்கள் கேட்பது காதல்தானே என்று நீங்கள் சொல்லலாம். 2012இல் அமெரிக்காவில் நூல்களைப் பற்றிய தகவல் திரட்டும் பௌக்கர் நிறுவனம் நடத்திய ஆய்வில், இளையோர் நூல்களை வாங்கியவர்களில் 55 விழுக்காட்டினர் 18 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் என்று தெரிந்தது உண்மைதான். சரி, ஆனால் கணக்கில் ஓட்டையைக் கண்டுபிடித்தது 15 வயதுக்காரி. கைப்பிரதி உங்கள் மேசையில் இருந்தபோது உங்களில் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டிருந்தால், எழுதியவர் நிச்சயம் இன்னொரு இரவு உட்கார்ந்திருப்பார். இரண்டாம் அத்தியாயத்தை எழுதிய கை அது.

இரண்டாம் பாகம் வரும் என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். அக்கா மகள் இப்போதே எனக்கும் சேர்த்து வாங்கச் சொல்லிவிட்டாள். அதன் முதல் அத்தியாயத்திலேயே அந்தத் தோழி வந்து கதவைத் தட்டட்டும். அப்பாவைப் பற்றிய உண்மை அவளுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்