அரை மாரத்தான்: ஞாயிறு முதல் பயிற்சி

அனைவருக்கும் வணக்கம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் ஆராய்ச்சிக்காக நாம் நிதி திரட்டி ஓடப்போகும் 21.1 கி.மீ.க்கான பயிற்சி, வரும் ஞாயிறு காலை 5.30-க்கு பெசன்ட் நகர் கடற்கரை ஷ்மிட் நினைவுச் சின்னம் அருகே தொடங்குகிறது. இதுவரை ஓடாதவர்கள் தயங்காமல் வாருங்கள்.

1. முதல் வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 முறை. செவ்வாய், வியாழன், ஞாயிறு மட்டும்.

2. ஓடிக்கொண்டே பேச முடிய வேண்டும். முடியவில்லையா, வேகம் அதிகம்.

3. வாரத் தூரத்தை 10 சதவீதத்துக்கு மேல் கூட்டவே கூடாது. மூச்சு சீக்கிரம் பழகிவிடும்; எலும்பும் தசைநாரும் மெதுவாகத்தான் பழகும். புதியவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தில் வலி வருவது பெரும்பாலும் இதனால்தான். வலித்தால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

4. பருத்தி சாக்ஸ் வேண்டாம், ஈரத்தில் கொப்புளம் வரும்.

5. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

வருபவர்கள் வெள்ளி இரவு 8-க்குள் பெயரும் வயதும் இங்கே பதிவிடுங்கள்.