வைப்பர் மோட்டாரும் நாலு பேர் கூலியும்

கண்ணு அம்மிணிக்கு,

அப்பா எழுதறேன். பெங்களூர்ல இருந்து நம்ம பழைய இரும்புக் கடைக் கணக்கைப் பார்த்துட்டு, "பழைய கார்ல வயர் பிடுங்க எதுக்குப்பா நாலு பேர்? எடுக்கற செம்பு அவங்க கூலிக்கே கட்டலையே"ன்னு போன்ல கேட்டே. அப்போ லாரி நின்னுட்டிருந்துச்சு, நின்னு பேச முடியலை.

பம்பு மோட்டார்ல இருக்கற செம்பை யாரும் விட மாட்டாங்க, காசு. காருக்குள்ள இருக்கற வைப்பர் மோட்டார் (கண்ணாடி துடைக்கற மோட்டார்), டேஷ்போர்டு வயர், இதுக்குத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. போன வருசம் நானும் அப்படியே கார் பாடியோட அமுக்கி, பேல்னு சொல்ற கட்டாக் கட்டி, இரும்பு உருக்கற ஆலைக்கு அனுப்பிட்டேன். ஒரு மாசம் கழிச்சு ஆலையில கூப்பிட்டுக் காட்டினாங்க. உருட்டின கம்பியோட மேல்தோல் காஞ்ச ஏரித்தரை மாதிரி வெடிச்சுக் கிடந்துச்சு. விரலை வெச்சுத் தடவினேன், நகம் மாட்டுச்சு.

உலையில சிலிக்கன், மாங்கனீசு எல்லாம் எரிஞ்சு கசடோட போயிரும். செம்பு போகாது. குழம்புல உப்பு கூடின கதைதான்: எடுக்க முடியாது, சுத்தமான இரும்பைச் சேர்த்துக் குறைக்கத்தான் முடியும். உருட்டறதுக்கு 1100 டிகிரிக்கு மேல காய்ச்சறப்ப மேல இருக்கற இரும்பு துருவாகிப் போகுது. மிஞ்சற செம்பு 1085-லயே உருகி, இரும்புக்குள்ள இருக்கற பொடிப்பொடி மணிகளுக்கு இடையில இறங்கி விரிசல் விட வெச்சிருது. கட்டடக் கம்பி கொஞ்சம் தாங்கும். கார் தகடு தாங்காது, ஆயிரம் கிலோவுக்கு ஒரு கிலோ செம்பே அதுக்கு அதிகம். காரா இருந்த தகடு திரும்பக் காராக முடியாம கம்பியாப் போறது எனக்கு மனசு கேக்கலை.

காந்தம் போட்டு இரும்பைத் தனியா பிரிச்சா ஆகாதான்னு கேப்பே. அந்தக் குட்டி மோட்டாரோட ஓடு இரும்பு கண்ணு, செம்பை வயித்துல வெச்சுட்டே காந்தத்துல ஒட்டிக்கும். கைதான் வேணும். நம்ம கடையில ஒரு அக்கா கட்டரை வெச்சு ஒரே இழுவையில வயர்க்கட்டைக் கொடி பிடுங்கற மாதிரி உருவி எடுக்கறதை, வரும்போது நீயே பாரு.

மண்ணுல இருந்து தோண்டற இரும்புத் தாதுல இருந்து, நிலக்கரி போட்டு எரிக்கற ஊது உலையில ஒரு டன் உருக்கு எடுத்தா 2 டன்னுக்கு மேல கார்பன் டை ஆக்சைடு வெளியேறுது. பழைய இரும்பை மின்சார உலையில உருக்கினா அதுல பாதிகூட ஆகாது. ஆனா நம்ம சரக்கு அழுக்கா இருந்தா நல்ல உருக்குக்கு அவங்க தாதுகிட்டத்தானே திரும்பிப் போவாங்க?

அதனால அந்த நாலு பேர் கூலியை வெட்டாதே. சரக்கு விலையில சேர்த்துப் போடு. சுத்தமான பேலுக்குத் தனி ரேட் கேட்டு ஆலைக்கு எழுதணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள அதை அடிச்சு அனுப்பு சாமி.

அப்பா