நம் மாடல் கிட் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், ஓசூர், பர்கூர், காவேரிப்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்து கிருஷ்ணகிரி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மாதாமாதம் கூடினோம். மாங்காய் சீசனில் தோப்புக்காரர்களால் வர முடியாததால் ஜூன் மாதம் மட்டும் கூடவில்லை. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

1980-இல் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட முதல் கன்டம் (ஜப்பானிய கார்ட்டூன் ரோபோ) கிட், அதாவது பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டும் பிளாஸ்டிக் மாடல், 1/144 அளவு, விலை 300 யென். அதைச் சேர்க்கப் பசை வேண்டும், நிறத்துக்குப் பெயின்ட் வேண்டும். இன்றைய கிட்டில் பாகங்கள் நிறத்தோடே வார்த்து வருகின்றன. பசையில்லாமல் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. அதனால் நம்மில் பலர் பூட்டி முடித்ததும் அலமாரியில் வைத்துவிடுகிறோம். அதில் தவறில்லை. ஆனால் பளபளப்பில்லாத மேட் பூச்சு அடித்த மாடலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பளபளப்பு போய் இரும்பின் கனம் வந்திருக்கும். அதற்காகவே இந்த ஆண்டை ஃபினிஷிங்குக்கு ஒதுக்கினோம்.

முதல் பாடம் நிப்பர், அதாவது பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டியெடுக்கும் சிறு வெட்டுக் குறடு. பாகத்தை ஒட்டி ஒரே வெட்டாக வெட்டினால் அந்த இடம் வெளுத்துவிடும். கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு, மிச்சத்துக்கு இன்னொன்று, அப்புறம் 400, 600, 1000 என்ற எண் வரிசையில் உப்புத்தாள். புதியவர்கள்கூட இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

நவம்பரில் நடந்ததை விரிவாகவே எழுத வேண்டும். தூறல் நாளில் மூன்று கிட்டுகளுக்கு டாப்கோட் என்னும் கடைசி மேல்பூச்சு அடித்தோம். அரை மணி நேரத்தில் கறுப்புப் பாகமெல்லாம் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிட்டன. அதில் ஒன்று பிளஸ் டூ படிக்கும் தம்பியின் மூன்று மாத உழைப்பு. அவன் எதுவும் பேசாமல் நின்றது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஓசூரில் வாகன பெயின்ட் வேலை பார்க்கும் நம் உறுப்பினர்தான் காரணத்தை விளக்கினார். கரைப்பான் ஆவியாகும்போது பூச்சைக் குளிரவைக்கிறது. காற்றின் ஈரம் அதில் படிந்து சிக்கிக்கொள்கிறது. நல்ல வெயிலடித்த ஒரு நாளில் முதலில் பளபளப்பான கிளாஸ் பூச்சு அடித்து, காய்ந்தபின் மெல்லியதாக மேட் அடித்தார். தம்பியின் கிட் உட்பட இரண்டு தேறின. இப்போது அறையில் ஈரப்பதமானி மாட்டியிருக்கிறோம். மழை நாளில் பெயின்ட் தெளிக்கும் கம்ப்ரஸரைத் தொடுவதில்லை.

என் தவறு ஒன்றையும் பதிவு செய்கிறேன். பூட்டிய மாடலின் பேனல் கோடுகளில் எனாமல் மையைத் தாராளமாக ஓடவிட்டேன். மையிலுள்ள தின்னர் ஏபிஎஸ் பிளாஸ்டிக் மூட்டுக்குள் இறங்கி இடுப்பு விரிசல் விட்டுவிட்டது. பாகத்தைக் கழற்றி வைத்து, கொஞ்சமாக மை விட்டு, காய்ந்த பிறகே பூட்டுங்கள்.

ஒரு கோரிக்கை. இன்னும் கைக்குட்டை கட்டிக்கொண்டுதான் லாக்கர் பெயின்ட் அடிக்கிறோம். துணி தின்னர் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள முகமூடி நான்கும் ஜன்னலுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றும் வாங்க வேண்டும். அவை வரும்வரை பள்ளிப் பிள்ளைகள் பெயின்ட் அறைக்குள் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தொகைக்கு இன்றே ஒப்புதல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்