ஹெர்பரி

அன்பு மகளுக்கு,

புது வீட்டு விலாசத்தை நீ இன்னும் தரவில்லை. பழைய விலாசத்துக்கே போடுகிறேன், எப்படியும் உன் கைக்கு வந்து சேரும். லண்டனில் குளிர் எப்படி? இரவில் கதவைப் பூட்டிவிட்டுப் படு.

பீட்டர்ஹெட்டில் நான்கு நாளாக ஒரே காற்று. கப்பல்கள் எல்லாம் அலைத்தடுப்புச் சுவருக்குள் வந்து ஒதுங்கி நிற்கின்றன. உன்னைத் தோளில் வைத்துக் காட்டுவேனே, அதே சுவர். அதைக் கட்டவென்றே 1888-இல் இங்கே சிறை திறந்து, கைதிகளைக் கல்லுடைக்க விட்டார்கள். 1956-இல்தான் முடிந்தது. புயலில் அகப்பட்ட கப்பல் வந்து ஒதுங்குவதற்காக இவ்வளவு பாடு.

கடையில் ஆள் இல்லாத நேரம் இந்த ஸ்காட்லாந்துக்காரரின் பழைய ஸ்காட்ஸ் மொழிச் சொற்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சிரிக்காதே. ஹெர்பரி என்று ஒரு சொல். ஒதுங்கிடம், இரவு தங்குமிடம், துறைமுகம், எல்லாம் அதுதான். ஆங்கிலத்து ஹார்பர் அதன் கூடப்பிறந்தது. முதலில் படை தங்கும் இடத்துக்குத்தான் அந்தப் பெயராம். பிறகு வழிப்போக்கருக்கு வந்தது. கப்பலுக்கு அதற்கும் பிறகுதான். பிரெஞ்சுக்காரர் சத்திரத்தை ஓபெர்ஜ் என்பதும் அதே வேர். ஆங்கிலத்து ஹார்பிஞ்சர் என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். முன்னே போய், பின்னால் வருகிறவர்களுக்குத் தங்க இடம் பார்த்து வைக்கிறவனை அப்படிச் சொன்னார்களாம்.

அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

அன்றிரவு நீ பெட்டியோடு வந்தாய். மழை. பெட்டியின் ஒரு சில்லு உடைந்திருந்தது. "உள்ளே வா" என்று சொல்லும் முன்னமே, கதவைப் பாதி திறந்தபடி, "மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்டேன். அம்மா வந்து என்னைத் தள்ளிவிட்டுத்தான் உன்னை உள்ளே எடுத்தாள். சனம் என்ன சொல்லும் என்று பயந்தேன் பிள்ளை. எந்தச் சனம்? இந்த ஊரில் எங்களைத் தெரிந்த தமிழர் எத்தனை பேர்?

உனக்குப் பதவி உயர்வு கிடைத்ததைக் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பேப்பர் வாங்க வருகிற கிழவருக்கு மூன்று தரம் சொன்னேன். உனக்குத்தான் ஒரு போன் எடுக்க நேரமில்லை. மூன்று கிழமையாகிறது. சரி, வேலை இருக்கும்.

உன் அறை ஹீட்டரைத் திருத்தியாயிற்று. நேரத்துக்குச் சாப்பிடு. கதவைப் பூட்டிப் படு. என்னோடு கதைக்க மனமில்லாவிட்டால் பரவாயில்லை, விலாசத்தை அம்மாவுக்காவது அனுப்பு.

அப்பா