நமக்குள்ளே மட்டும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா, நான், தம்பி எல்லாரும் சுகம். உன் சுகமும் மாப்பிள்ளை சுகமும் அறிய ஆவல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் என்னத்தைப் பேசுகிறேன்? "சாப்ட்டியாம்மா, அங்க மழையா?" அவ்வளவுதான், அதற்குள் அம்மா கையை நீட்டிவிடுகிறாள்.

சாரல் நன்றாக இருக்கிறது. அம்மன் கொடைக்கு இந்த வருஷமும் நம்ம மைக் செட்தான். பாக்ஸ் வைத்திருக்கிற பையன்கள் நாலு பேர் இருந்தும் நாட்டாமை என்னைத்தான் கூப்பிட்டார். ஈரத்துக்கு அஹூஜா ஆம்ப்ளிஃபயர் லேசாக உறுமியது. பிரித்துத் துடைத்துவிட்டு, ஓட்டிப் பார்க்க ஒரு தட்டைத் தேடினேன். நான் அமெரிக்கா வந்திருந்தபோது நீ நாஷ்வில்லில் வாங்கித் தந்த தட்டுதான் கையில் வந்தது. போர்ட்டர் வாகனர், டாலி பார்ட்டன் சேர்ந்து பாடின கன்ட்ரி பாட்டுத் தட்டு, 'ஜஸ்ட் பிட்வீன் யூ அண்ட் மீ'. லேபிளில் நம்ம எச்.எம்.வி. நாயே உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் எனக்கு அதன் மேல் பிரியம்.

முதலில் அவர்கள் புருஷன் பெஞ்சாதி என்றுதான் நினைத்தேன். "இல்லப்பா, கூடப் பாடுறவங்க, அந்தப் பொண்ணுக்கு வேற வீட்டுக்காரர்" என்று நீ சிரித்தாய். 1967-இல் போர்ட்டருடைய டிவி நிகழ்ச்சிக்கு டாலி வந்தபோது, அதற்கு முன்னால் பாடிக்கொண்டிருந்த நார்மா ஜீனைக் கேட்டு ஜனங்கள் கூச்சல் போட்டார்களாம். இருபத்தொரு வயசுப் பிள்ளை, டென்னசி மலையில் பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டிலிருந்து வந்தவள். அவர் கூட நின்று சேர்ந்து பாடப் பாடத்தான் ஜனம் அவளை ஏற்றுக்கொண்டது. ரெக்கார்டு கம்பெனி அவளை எடுக்கத் தயங்கியதாகவும், "நஷ்டம் வந்தா என் ராயல்டியில பிடிச்சுக்கோ" என்று அவர் சொன்னதாகவும் சொல்வார்கள். 1968 ஜனவரியில் வந்த இந்தத் தட்டுதான் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட முதல் ஆல்பம்.

நம்ம சினிமா டூயட்டில் அவர் ஒரு வரி பாடுவார், அந்தம்மா ஒரு வரி பாடுவார். இது அப்படி இல்லை. பல இடத்தில் ஒரே வரியை ஒரே நேரத்தில், அவர் கீழே, அவள் மேலே. ஒருத்தர் இம்மி பிசகினாலும் இரண்டும் கெட்டுப்போகும். இடது குழாயில் அரை நொடி பிந்தி வந்தாலே எனக்குப் பல் கூசும், உனக்குத் தெரியும். இந்தத் தட்டில் அவர்கள் மூச்சு இழுப்பதுகூடச் சேர்ந்துதான் கேட்கிறது.

தம்பி வந்து அட்டையைத் திருப்பிப் பாட்டுப் பெயர்களைத் தமிழில் சொன்னான். தட்டின் பெயருக்கே 'நமக்குள்ளே மட்டும்' என்று அர்த்தமாம். அதுவரைக்கும் எனக்கு ராகம்தான் தெரியும். "நம்மில் ஒருத்தர் தப்பு செய்ததால்." "சந்தோஷம் கட்டின வீட்டைத் துக்கம் இடிக்கிறது." "வலி இருக்கிற இடம்தான் வீடு." பன்னிரண்டு பாட்டில் பாதிக்கு மேல் இப்படித்தான். முதலில் தனியாக வெளிவந்த பாட்டும் பிரிந்து போகிறதைப் பற்றியதுதானாம். அது அந்த ஊர்ச் சரக்கு, எல்லாக் கன்ட்ரி பாட்டும் அப்படித்தான் என்றான் தம்பி. இருக்கும். அந்தக் கடையில் ஆயிரம் தட்டு இருந்ததே தாயி, இதை ஏன் எடுத்தாய்? சும்மா எடுத்தேன் என்பாய். சரி.

பாஸ்போர்ட்டை உன் கையிலேயே வைத்துக்கொள். சம்பளம் உன் பேரில் உள்ள கணக்கிலேயே வரட்டும். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

வேலை பார்க்கிற லேபில் நீ மேலே போயிருப்பதைப் போஸ்ட்மேன் முதல் டீக்கடை வரை சொல்லியாகிவிட்டது. ஆனால் தம்பி பால் காய்ச்சினதற்கு ஒரு வார்த்தை பேசவில்லையே? அத்தை கேட்கிறாள், சித்தப்பா கேட்கிறார். லீவு இல்லை என்று நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய் சொன்னால் என் காது சிவக்கும் என்பது ஊருக்கே தெரியும்.

மூன்று மாசமாக மாப்பிள்ளை வீடியோவில் வரவில்லை. வேலை, தூக்கம், கடைக்குப் போயிருக்கிறார். சரி. ஆனால் நீ உட்கார்ந்து பேசுகிற சுவர் மாறியிருக்கிறது. அம்மா கொடுத்த பிள்ளையார் படம் மாட்டின சுவர் இல்லை இது. ஜன்னல் உனக்கு இடது பக்கம் வந்துவிட்டது. அம்மா கவனிக்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

நாஷ்வில்லில் அவர்கள் பாடிப் பதிவு செய்த ஸ்டுடியோ பி-க்கு நாம் மூன்று பேரும் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? டாலி அவசரமாக வந்து காரை மோதின சுவர் இதுதான் என்று வழிகாட்டிப் பெண் காட்டினாள். மாப்பிள்ளை உன்னைப் பார்த்து, "இவ ஓட்டினா சுவரே இருக்காது" என்றார். எல்லாரும் சிரித்தோம், நானும்தான். நீ மட்டும் செங்கல் பெயர்ந்த அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றாய்.

அன்று ராத்திரி உங்கள் அறையில் சத்தம் கேட்டது. வார்த்தை வார்த்தையாகக் கேட்டது தாயி. கொடைக்கூட்டத்தில் எந்தக் குழாய் கரகரக்கிறது என்று ஒரு பர்லாங் தள்ளி நின்று சொல்கிற காது எனக்கு. நான் என்ன செய்தேன் தெரியுமா? ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினேன். காலையில் உன் முகத்தைப் பார்த்து, "காபி நல்லாருக்கு" என்றேன். ஏர்போர்ட்டில் நீ, "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்றாய். "ஊருக்குப் போய் போன் பண்றேன், நாளைக்குப் பேசிக்கலாம்" என்றேன். அந்த நாளை இன்னும் வரவில்லை.

இந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அதுதான். நாளைக்குத் தள்ளிப்போடு. டாலியும் அவள் தாய்மாமாவும் சேர்ந்து முன்னமே எழுதினது. இன்றைக்கு நோகடித்தது போதும், போவதென்றால் நாளைக்குப் போ என்று கெஞ்சுகிற பாட்டு. தம்பி அர்த்தம் சொன்னதும் எழுந்து ஊசியைத் தூக்கிவிட்டேன். அவன், "என்னப்பா, கீறலா?" என்றான். ஆமாம் என்றேன்.

பின்னால் அந்த இரண்டு பேருக்கும் என்ன ஆயிற்று என்று அவனே போனில் பார்த்துச் சொன்னான். 1974-இல் அவள் விலகிப் போனாள். 1979-இல் அவர் முப்பது லட்சம் டாலர் கேட்டுக் கேஸ் போட்டார். கோர்ட்டுக்கு வெளியே முடித்துக்கொண்டார்கள். 2007-இல் அவர் சாகக் கிடந்தபோது அவள் போய்ப் பார்த்தாளாம். பாட்டு, கான்ட்ராக்ட் எல்லாம் அவர்கள் பாடு. நான் உன்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. சேர்ந்திரு என்றும் சொல்லவில்லை, விட்டுவிட்டு வா என்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையும் நல்ல பையன்தான் என்று எழுத வந்தேன், அதை எழுத எனக்கு என்ன தெரியும்?

உனக்குக் காலை ஏழு மணி என்றால் இங்கே சாயங்காலம் ஐந்தரை. அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள். அந்த நேரத்தில் என் நம்பருக்குக் கூப்பிடு. யார் கையிலும் கொடுக்க மாட்டேன்.

பாஸ்போர்ட் விஷயத்தை மறந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பருப்புப்பொடியும் சுண்டைவற்றலும் அம்மா கட்டி வைத்திருக்கிறாள். எந்த விலாசத்துக்கு அனுப்ப வேண்டும் என்று எழுது. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் காட்ட வேண்டாம். காட்டினாலும் பரவாயில்லை.