வலது காலா, இடது காலா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாகூர் தர்கா பற்றிய கட்டுரை படித்தேன். படங்கள் அருமை. ஆனால் 'மத நல்லிணக்கச் சின்னம்' என்று பத்திக்குப் பத்தி எழுதியிருப்பதுதான் கொஞ்சம் உறுத்தியது. நாங்கள் இந்துக்கள், மூன்று தலைமுறையாக நாகூருக்குப் போகிறோம். அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அங்கே அடக்கமாகியிருக்கும் ஷாகுல் ஹமீதுதான் எங்களுக்கு ஆண்டவர். "ஆண்டவருக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கு" என்பார்கள், கிளம்பிவிடுவார்கள். அவ்வளவுதான்.

போன வருடம் முட்டி வலிக்காக அம்மாவை அழைத்துப் போனேன். தர்கா அருகே ஒரு கடையில் கண், கை, வீடு, தொட்டில், கப்பல் என்று உருவம் அடித்த காணிக்கைத் தகடுகள் தொங்கின. கால் தகடு கேட்டதும் கடைக்காரர், "வலது காலாம்மா, இடது காலா?" என்றார். "ரெண்டும்தான் பாய், எதை விடுறது?" என்றார் அம்மா. சரி, இரண்டு வாங்கினோம். உள்ளே ஃபாத்திஹா என்ற குர்ஆன் பிரார்த்தனையை ஓதி, மயிலிறகால் தலையில் தொட்டு, சர்க்கரை கொடுத்தார்கள். வலி போயிற்றா என்று கேட்காதீர்கள். திரும்பும்போது பேருந்து வரைக்கும் என் கையைப் பிடிக்காமல் நடந்தார்.

தர்காவின் பெரிய மனோரா என்ற கோபுரத்தின் உயரம் 131 அடி என்று எழுதிவிட்டு அப்படியே நகர்ந்துவிட்டார் கட்டுரையாளர். அதைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். பிள்ளை வரம் கிடைத்ததற்காகக் கட்டினார் என்பது நாகூரில் சொல்லும் கதை. அப்படியானால் அதுவும் வேண்டுதல்தான். அம்மாவின் தகட்டுக்கும் அதற்கும் உயரத்தில்தான் வித்தியாசம்.

கப்பல் தகட்டுக்கும் ஒரு கதை உண்டு. நடுக்கடலில் ஒரு கப்பலில் ஓட்டை விழுந்ததாம். சவரம் செய்துகொண்டிருந்த ஷாகுல் ஹமீது ஆண்டவர் பக்கத்திலிருந்த கண்ணாடியை எடுத்து வீச, அது போய் ஓட்டையை அடைத்துக்கொண்டதாம். இந்த நம்பிக்கையோடு கப்பலேறிய நம் ஊர்க்காரர்கள் 1828-30 வாக்கில் சிங்கப்பூரில், அப்போது கரையோரமாக இருந்த தெலுக் ஆயர் தெருவில், ஒரு நாகூர் தர்காவையே கட்டினார்கள். ஆண்டவர் அடக்கமாகியிருப்பது நாகூரில். அங்கே கட்டியது அவர் நினைவுக்காக. கட்டுரையில் இதற்கு ஒரு வரி கொடுத்திருக்கலாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரி சமயத்தில் மறுபடி எழுதினால் கொடியேற்றம், சந்தனக்கூடு ஊர்வலத்தோடு நிறுத்திவிடாமல், மொட்டை அடிக்கும்போது வீறிட்டு அழுகிற ஒரு குழந்தையையும் படம் எடுத்துப் போடுங்கள். எங்கள் வீட்டில் நான் உட்பட எல்லோரும் அங்கே உட்கார்ந்து அழுதவர்கள்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயிலாடுதுறை